நாலு தென்னை தள்ளி

திருப்பூர் பனியன் தொழிலில் இருப்பவர்களுக்குப் பஞ்சாபின் லூதியானா அந்நிய ஊர் அல்ல. இரண்டுமே பின்னலாடை ஊர்கள். அந்த லூதியானாவுக்குப் பக்கத்தில்தான் கிலா ராய்ப்பூர் இருக்கிறது. 1933 முதல் நடந்துவரும் அதன் கிராம விளையாட்டு விழாவில் கிரேஹவுண்டு நாய்ப் பந்தயமும் உண்டு. அந்த வட்டாரத்துப் பந்தயங்களில் ஓடி ஓய்ந்த பெட்டை ஒன்றை, வியாபாரமாகப் போன பல்லடத்துத் தோட்டக்காரர் ஒருவர் வீட்டோடு வைத்துக்கொள்ளக் கூட்டிவந்தார். பெயர் ராணி.

கோழிப்பண்ணையும் கறவை மாடும்தான் பல்லடத்துக் கால்நடை மருத்துவரான எனக்கு அன்றாடம். நாய்கள் வரும், பெரும்பாலும் தடுப்பூசிக்கு. ராணியோடு வந்தவர்கள் சொன்னது வேறு: "மனுசங்ககிட்ட பூனையாட்டம் இருக்குதுங்க. இன்னொரு நாயக் கண்டா மட்டும் ஒண்ணு பாயுது, இல்லீன்னா நின்ன எடத்துலயே வெறச்சுப் போயிருது."

முதலில் வலி இருக்கிறதா என்று பார்த்தேன். பந்தய நாய்களுக்குப் பல் கெட்டிருக்கும், பாதத்தில் ஆணி இருக்கும், பழைய தசைக் காயம் இருக்கும். வலியோடு இருக்கும் நாய் இன்னொரு நாயைப் பக்கத்தில் சேர்க்காது. ராணிக்கு ஈறு வீங்கியிருந்தது. அதைச் சரிசெய்யாமல் பழக்கத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை. (கிரேஹவுண்டின் ரத்தப் பரிசோதனையில் தைராய்டு அளவு குறைவாக வருவது அந்த இனத்துக்கு இயல்பு. அதை நோயென்று நினைத்து மாத்திரை தொடங்கிவிடக் கூடாது.)

பந்தயத்துக்கென்று வளர்க்கும் கிரேஹவுண்டு பிறந்ததிலிருந்து பெரும்பாலும் கிரேஹவுண்டுகளை மட்டுமே பார்த்து வளர்கிறது. நீண்ட முகம், ஒட்டிய வயிறு, மடிந்த காது, இதுதான் அதற்கு நாய். சப்பை மூக்கோடு குறட்டை விட்டு மூச்சு வாங்கும் பக், உடம்பெல்லாம் முடியாக வரும் பொமரேனியன், வாலைச் சுருட்டித் தூக்கிவைத்திருக்கும் நாட்டு நாய், இவையெல்லாம் நாய்தானா என்பதே அதற்குத் தெரியாது. பக் மூச்சு விடுவது உறுமலாகக் கேட்கலாம். வெள்ளையாக ஏதோ குலைத்துக்கொண்டு ஓடினால் துரத்த வேண்டிய முயலாகத் தெரியலாம். இதைக் கோபக்கார நாய் என்று சொல்வது அநியாயம். அறிமுகமே இல்லாத உலகத்துக்கு நடுவில் கொண்டுவந்து விட்டிருக்கிறோம்.

அந்த வீட்டு அப்பத்தாவுக்கு இதெல்லாம் தேவையில்லாத சுற்றாகப் பட்டது. "ஏனுங் அம்மணி, நாய்க்கு நாய் பழகறதுக்கு நாம எதுக்கு நடுவுல? ரெண்டு நாளைக்கு அவுத்து உட்டா அதுகளே பழகிக்கும்" என்றார். நம் பக்கத்தில் எல்லோரும் சொல்வதுதான். தோட்டத்து நாய்கள் குட்டியிலிருந்தே ஒன்றையொன்று பார்த்து வளர்வதால் அவற்றுக்கு அது நடக்கிறது. கிரேஹவுண்டின் தோல் மிக மெல்லியது. வேறு நாய்க்குச் சின்னப் பல்தடமாகப் போவது இதற்குத் தையல் போடும் கிழிசலாகும். மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் நாய் ஒருமுறை விரட்டத் தொடங்கிவிட்டால் கூப்பிட்டு நிறுத்தவும் முடியாது. "இது உட்டுப் பாக்கற நாயி இல்லீங்காத்தா" என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை, மறுக்கவும் இல்லை.

எங்கள் பக்கம் தென்னைக்குத் தென்னை 25 அடி விட்டு நடுவார்கள். அதையே அளவாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். பண்ணையத்தாள் வீட்டு நாயை ஒருவர் கயிற்றில் பிடித்துக்கொண்டு ஒரு வரிசையில் நடப்பார். ராணி நாலு மரம் தள்ளி அதே திசையில் நடக்கும். நேருக்கு நேர் கூடாது. ராணி வாயை இறுக மூடி, காதை நிமிர்த்தி, கண் எடுக்காமல் பார்த்தால் தூரம் போதவில்லை என்று பொருள். திட்டாமல், இழுக்காமல், இன்னொரு மரம் தள்ளிப் போக வேண்டும். பார்த்துவிட்டுத் தானாகத் திரும்பி நம் முகத்தைப் பார்த்தால் ஒரு துண்டு வேகவைத்த கோழி. கிரேஹவுண்டுக்குத் தலையைவிடக் கழுத்து தடிமன் என்பதால் சாதாரணப் பட்டை பின்னால் இழுத்தால் கழன்றுவிடும். இழுக்கும்போது அளவாக இறுகும் மார்ட்டிங்கேல் பட்டை வாங்கச் சொன்னேன். வாய்க்கூடும் போடச் சொன்னேன். பந்தயத்தில் ஓடிய ராணிக்கு அது பழக்கம்தான். வீட்டார்தான் சங்கடப்பட்டார்கள். அப்பத்தா ஒரே பேச்சில் முடித்துவிட்டார்: "ஏரு ஓட்டறப்ப எருதுக்கு வாய்க்கூடு போட்டமே, அது பாவமா?"

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் நம் ஊர் வேட்டை நாயான சிப்பிப்பாறையோடு நடந்தது. இட்டேரிக்கு (இரண்டு வேலிக்கு நடுவில் போகும் மண்பாதைக்கு) அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு சிப்பிப்பாறை இருந்தது. கிளுவை வேலி ஓரமாக அது வந்ததைப் பார்த்த ராணி விறைக்கவில்லை. உடம்பு தளர்ந்து, வால் தணிந்து ஆடியது. அதே ஒடிசலான உடம்பு, அதே நீண்ட மூஞ்சி. தெரிந்த உருவம் என்பதால்தான் அந்தத் தளர்வு என்று நினைக்கிறேன். பிறகு அந்தச் சிப்பிப்பாறையை நடுவரிசையில் நடக்க வைத்தோம், அதற்கு அப்பால் நாட்டு நாய். ராணிக்குப் பார்வை எல்லாம் சிப்பிப்பாறை மேல் இருந்ததால் நாட்டு நாய் மூன்று மரத் தூரத்துக்கு வந்ததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை.

வளர்ப்பவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது, நாய்கள் சிநேகம் ஆக வேண்டும் என்ற ஆசையைக் கொஞ்சம் ஒதுக்கிவையுங்கள் என்பதுதான். வழியில் இன்னொரு நாய் போனால் பதறாமல் கடந்து போக முடிந்தால் ராணிக்கு அதுவே நிம்மதியான வாழ்க்கை. விளையாட்டு அதற்குப் பிறகு வந்தால் வரட்டும். பந்தயத்தில் யாருக்காகவோ ஓடிய நாய்க்கு, யாருக்காகவும் பழகிக் காட்ட வேண்டிய கட்டாயம் வேண்டாம்.

இப்போது நாட்டு நாயும் ராணியும் ஒரே வரிசையில் நடக்கின்றன. சோறு தனித்தனி இடத்தில்தான். ராணி தூங்கும் இடத்துக்கு வேறு நாய் போகாமல் கதவு சாத்தியிருக்கும். தூக்கத்தில் தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கும் பழக்கம் இந்த இனத்தில் சிலவற்றுக்கு உண்டு. பக்கத்துச் சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, விடுமுறையில் வரும் பொமரேனியன் மட்டும் இன்னும் நாலு மரத்துக்குள் வரவில்லை. வாய்க்கூடு இல்லாமல் அந்தச் சின்ன நாயின் பக்கம் ராணியை விட நான் சம்மதிக்க மாட்டேன் என்று இரண்டு வீட்டாரிடமும் சொல்லியிருக்கிறேன்.