கறுப்புப் பைக்குள் இருந்த கைகள்

பாபநாசத்திலிருந்து காரையாறு அணைக்கு ஏறும் மலைப்பாதையில், 1997ஆம் ஆண்டு சித்திரை வெயிலில் நடந்த ஒரு படப்பிடிப்பில் நான் ஃபிலிம் லோடராக வேலைக்குச் சேர்ந்தேன். கேமரா உதவியாளர்களில் ஆகக் கடைசி ஆள் லோடர்தான் என்றாலும், ஐம்பது அறுபது பேர் பகல் முழுவதும் உழைத்து எடுத்த படம் மாலையில் அவன் கைக்குத்தான் வந்து சேரும். சேஞ்சிங் பேக் என்று நாங்கள் சொல்லும் கறுப்புத் துணிப்பைக்கு இரட்டை ஜிப்பும், கைகளை நுழைப்பதற்கு எலாஸ்டிக் வைத்த இரண்டு சட்டைக்கைகளும் இருக்கும். கேமராவில் ஃபிலிம் சுருள் இருக்கும் பெட்டியான மேகசினையும் காலி டப்பாவையும் உள்ளே வைத்து மூடிவிட்டு, முழங்கை வரைக்கும் கைகளை விட்டுக்கொண்டால் அதன்பிறகு கண்ணுக்கு வேலை இல்லை. நெகட்டிவ் எந்த நிற வெளிச்சம் பட்டாலும் கெட்டுவிடும் என்பதால், எல்லாவற்றையும் விரல்கள்தான் பார்க்க வேண்டும். எடுத்து முடித்த சுருளைக் கறுப்பு உறைக்குள் இட்டு, டப்பாவில் வைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, அதன்மேல் ரோல் எண்ணையும் தேதியையும் அடியளவையும் எழுதிய பிறகுதான் அடுத்த ரோலைத் தொடலாம். என் கைகள் பைக்குள் இருக்கும் நேரத்தில் என்னோடு யாரையும் பேசவிட மாட்டார் எங்கள் சீனியர். ஒரு சொட்டு வியர்வை பட்டாலும் நெகட்டிவ் பாழ் என்று, இரண்டு மணிக்கட்டிலும் கைக்குட்டையைக் கட்டிவிட்டது அவர்தான்.

400 அடி ரோல் 4 நிமிடம் 26 வினாடிதான் ஓடும். ஒரு டேக் முடிந்ததும் இயக்குநர் எங்கள் பக்கம் திரும்பி, "இன்னும் எவ்வளவு இருக்கு?" என்று கேட்பார். "நாற்பது அடி சார்" என்பேன். நாற்பது அடி என்றால் 26 வினாடி. அடுத்த ஷாட் அதற்குள் அடங்குமா, அடங்காவிட்டால் ரோலை மாற்றுவதா, அல்லது நடிகரை இன்னொரு முறை ஒத்திகை பார்க்கச் சொல்வதா என்பதை அந்த ஒரு எண்ணை வைத்துத்தான் அவர் முடிவு செய்வார். ஃபிலிம் விலை அதிகம் என்பதால் வந்த கட்டாயம் அது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டாயத்தால், கேமரா ஓடத் தொடங்கும் முன்பே எல்லோரும் ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தைப் பார்ப்பார்கள். வேடிக்கை பார்க்க வந்த ஊர்க்காரர்கள்கூட அந்த நேரத்தில் பேச மாட்டார்கள்.

அன்றைக்கு எடுத்த டப்பாக்களை புரொடக்ஷன் பையன் மடியில் வைத்துக்கொண்டு நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போவான். இரண்டு மூன்று நாள் கழித்து, ஃபிலிமைக் கழுவும் லாபிலிருந்து அம்பாசமுத்திரம் லாட்ஜுக்குத் தொலைபேசி வரும். "நெகட்டிவ் நல்லா இருக்கு" என்ற ஒரு வார்த்தையைக் கேட்கும்வரை நான் இரவில் சரியாகத் தூங்கியதில்லை.

டிஜிட்டல் ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதலில் எடிட்டிங் மேசைக்கு வந்தது. 1994லேயே 'மகாநதி' ஆவிட் கணினியில் தொகுக்கப்பட்டிருந்தது. பிறகு வண்ணம் சேர்க்கும் அறைக்கும், தியேட்டரின் புரொஜெக்டர் அறைக்கும், கடைசியாகக் கேமராவுக்கும் வந்தது. ஆரி நிறுவனம் 2010இல் அலெக்ஸா என்ற டிஜிட்டல் கேமராவைக் கொண்டுவந்த சில ஆண்டுகளுக்குள் எங்கள் கறுப்புப் பைகள் மூலைக்குப் போயின. 2013இல் ஃபியூஜி, படப்பிடிப்பு ஃபிலிம் தயாரிப்பதையே நிறுத்தியது. அதே ஆண்டில் நான் ஊருக்குத் திரும்பி, பாளையங்கோட்டையில் ஒரு சிறிய ஸ்டுடியோவும் எடிட்டிங் அறையும் வைத்துக்கொண்டேன்.

இந்த மாற்றத்தைக் குறை சொல்லிப் பேசுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்கள் காலத்தில் கேமராவைத் தொட வேண்டும் என்றால் கோடம்பாக்கத்தில் வருடக்கணக்கில் அலைய வேண்டும். இன்று களக்காட்டிலிருந்து ஒரு மாணவி தன் கைப்பேசியிலேயே ஒரு குறும்படத்தை எடுத்து, ஒலி சேர்ப்பதற்காக என்னிடம் வருகிறாள். அதில் அவளுடைய பாட்டி நடித்திருக்கிறார். பாட்டி வாழைத்தோப்பில் எப்படிப் பேசுவாரோ அப்படியே பேசுகிறார். நெல்லைப் பேச்சு என்ற பெயரில் திரையில் வெறும் 'ஏலே'க்களை மட்டும் கேட்டுக் கேட்டுச் சலித்திருந்த எனக்கு, அந்தப் பதினோரு நிமிடம் பெரிய நிறைவைக் கொடுத்தது. ஃபிலிம் காலத்தில் அந்தப் பாட்டியின் முகம் எந்தத் திரைக்கும் வந்திருக்காது.

ஆனால் எடுப்பது எளிதானபோது பார்ப்பது குறைந்துவிட்டது. கல்யாண வீட்டில் இதை நான் வாரந்தோறும் காண்கிறேன். மூன்று கேமராவும் ஒரு ட்ரோனுமாக, முதல்நாள் மாப்பிள்ளை அழைப்பிலிருந்து மறுவீடு வரைக்கும் எடுக்கிறோம். தாலி கட்டும் நேரத்தில் மணவறையைச் சுற்றி இருபது கைப்பேசிகள் உயர்கின்றன; பெண்ணின் தாய்மாமனே தன் திரையின் வழியாகத்தான் அந்தக் காட்சியைப் பார்க்கிறார். எடுத்தது எல்லாம் சேர்ந்து ஆயிரம் ஜிபியைத் தாண்டிவிடும். மறுநாள் காலையில் வீட்டார் கேட்பது அறுபது வினாடி ரீல்ஸ் மட்டுமே. முழு நீளப் படத்தை வாங்கிப் போக ஆறு மாதமாகியும் வராத குடும்பங்கள் உண்டு.

கோயில் கொடை விழாக்களிலும் இப்படித்தான் ஆகியிருக்கிறது. ஆனால் அங்கே நான் வேறொன்றையும் பார்த்தேன். 2020இல் கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று இருந்தபோது, மண்டபத்திலிருந்து நேரலை அனுப்பிப் பழகினோம். அந்தப் பழக்கம் அப்படியே கோயிலுக்கும் வந்துவிட்டது. இப்போது வில்லுப்பாட்டு தொடங்கியதும், தாராவியிலும் துபாயிலும் இருக்கிற எங்கள் ஊர்க்காரர்கள் விடிய விடிய விழித்துப் பார்க்கிறார்கள். சாமியாடி குறி சொல்லும்போது, துபாயில் இருக்கும் மகனுக்காக ஒரு தாய் கைப்பேசியைச் சாமிக்கு நேரே நீட்டிப் பிடித்திருந்தார். சாமி அந்தத் திரையில் தெரிந்த முகத்தின்மேல் விபூதியை வீசியது. அந்தப் பையன் அங்கே குனிந்து நின்றதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இதைப் போலி என்று சொல்ல எனக்கு மனம் வராது.

என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. ஃபிலிமைக் காப்பதற்கென்றே ஓர் ஆள் இருந்தான். அவன் சம்பளம் அதற்குத்தான். டிஜிட்டலில் அந்த ஆளே இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஸ்டுடியோவில் ஒரு ஹார்டு டிஸ்க் முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் நின்றுபோனது. அதில் வீரவநல்லூர்க் கல்யாணம் ஒன்று முழுமையாக இருந்தது. அடுத்த வேலைக்கு அவசரமாக வேண்டும் என்று, இரண்டாவது பிரதி எடுக்கும் முன்பே கேமராவின் மெமரி கார்டுகளை அழித்திருந்தோம். திருநெல்வேலியிலும் மதுரையிலும் காட்டிப் பார்த்தோம். கிடைத்தது வரவேற்பின் சில துண்டுகள் மட்டுமே. பெண்ணின் தகப்பனார் சத்தம் போடவில்லை. "எங்க அம்மா அதுல இருந்தாங்க தம்பி, போன மாசம் தவறிட்டாங்க" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து மூன்று பிரதிகள் தனித்தனி இடத்துக்குப் போய்ச் சேரும்வரை எங்களிடம் ஒரு கார்டுகூட அழிக்கப்படுவதில்லை. ஒவ்வொரு டிஸ்கின் மேலும் டேப் ஒட்டித் தேதியும் பெயரும் நானே எழுதுகிறேன். வேலைக்கு வரும் பையன்களுக்குக் கேமராவைப் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பதற்கு முன் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஃபிலிம் என்றால் தானாக நிலைத்துவிடும் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். 1931இல் வந்த நம் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' இன்று எங்கும் இல்லை. பொருள் எதுவாக இருந்தாலும், வைத்துக் காப்பதற்கு ஒருவர் வேண்டும்.

இதனால்தான் பழைய வீடியோ கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றும் வேலையை, அதில் பெரிய வருமானம் இல்லாவிட்டாலும், நான் விடாமல் செய்கிறேன். கேசட்டை ஓட்டும் கருவியான விசிஆரைத் தயாரித்துவந்த கடைசி நிறுவனமும் 2016இல் நிறுத்திவிட்டது. என்னிடம் இருக்கும் மூன்று விசிஆர்களில் ஒன்று, மற்ற இரண்டுக்கும் உதிரிபாகம் கொடுப்பதற்காகவே இருக்கிறது. நம் ஊர் ஈரக் காற்றில் கேசட் நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை படியும். அப்படியே ஓட்டினால் படம் போவதோடு, நாடாவைப் படிக்கும் விசிஆரின் ஹெட்டும் கெடும். பூஞ்சையை முழுவதும் துடைத்தெடுத்த பிறகுதான் ஓட்டலாம்.

சென்ற ஐப்பசியில் சேரன்மகாதேவியிலிருந்து ஓர் ஆச்சி பேரனோடு வந்தார். 1998இல் நடந்த பால்காய்ப்பு கேசட் அது. வீட்டுக்காரர் இறந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. போட்டோ இருக்கிறது, குரல் எங்கேயும் இல்லை என்று பேரன் சொன்னான். இரண்டு நாள் நாடாவைச் சுத்தம் செய்து, மூன்றாம் நாள் அவர்களை வரச்சொல்லி ஓட்டினேன். முதல் அரைமணி நேரம் கோடுகளும், யார் யாரோ சாப்பிடுவதும்தான். பிறகு தோளில் துண்டோடு ஒருவர் பந்தியின் ஓரமாக நடந்துவந்து, கேமராவைப் பார்க்காமலேயே யாரையோ கூப்பிட்டார்.

"ஏல, கடைசிப் பந்திக்கு மோரு வந்துட்டா பாரு."

ஆச்சி திரையை நோக்கிக் கொஞ்சம் குனிந்தார். "அவியதான்யா" என்றார். சிறிது நேரம் கழித்து, "இன்னொரு தடவ போடு" என்றார். ஆறேழு முறை போட்டிருப்பேன். பேரன் தன் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டான். ஒரு பிரதியை மும்பையில் இருக்கும் மகளுக்கு அனுப்பினேன், ஒன்றை எங்கள் டிஸ்கில் வைத்துப் பெயர் எழுதினேன். இனிமேல் கேசட் தேவைப்படாது, அது அதிக நாள் ஓடவும் செய்யாது என்று ஆச்சியிடம் சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டு, கேசட்டை எடுத்து முந்தியில் சுற்றிக்கொண்டு படியிறங்கினார்.