கழுத்துத் தமனி அடைப்பு: சதவீதத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

கழுத்துத் தமனிகளில் இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் அறிக்கையோடு வருபவர்கள் பெரும்பாலும் அதில் உள்ள ஓர் எண்ணின் மேல்தான் விரலை வைத்துக் காட்டுகிறார்கள். எழுபது சதவீத அடைப்பு என்று போட்டிருக்கிறது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டுமா என்று கேட்கிறார்கள். பொது மருத்துவனாக நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது வேறொன்று: கை மரத்துப் போனதோ, பேச்சு குழறியதோ, ஒரு கண் மட்டும் சிறிது நேரம் இருண்டதோ உண்டா, உண்டென்றால் அது என்றைக்கு? அதே எழுபது சதவீதம், சென்ற வாரம் பேச்சு குழறியவருக்கு ஒரு பொருளையும், எந்தத் தொந்தரவும் இல்லாமல் முழு உடல் பரிசோதனைக்குப் போனவருக்கு முற்றிலும் வேறு பொருளையும் தருகிறது. இந்த வேறுபாட்டை நோயாளிகளின் வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கழுத்தின் இரு பக்கமும் மேலேறும் கரோட்டிட் தமனி, தாடை எலும்பின் கோணத்துக்கு அருகே இரண்டாகப் பிரிகிறது. வெளிக் கிளை முகத்துக்கும் உச்சந்தலைக்கும் போகிறது. உள் கிளை மூளைக்கும் கண்ணுக்கும் போகிறது. பிரியும் அந்த இடத்தில் இரத்த ஓட்டம் சுழித்துத் தயங்குவதால், புகை, சர்க்கரை, இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் ஆகியவற்றால் ஏற்கெனவே நொந்துபோன உட்சுவரில் கொழுப்பு படிகிறது. குழாய் குறுகி இரத்தம் போதாமல் போவதால்தான் பக்கவாதம் வருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பாலான நேரங்களில் நடப்பது வேறு: படிவின் மேற்பரப்பு வெடித்துப் புண்ணாகி, அதில் உறையும் இரத்தத் துணுக்குகள் பிய்ந்து மேலே போய் மூளையின் சிறு தமனிகளை அடைத்துவிடுகின்றன. மூளையின் அடித்தளத்தில் தமனிகள் வளையமாக இணைந்திருப்பதால், ஒரு பக்கக் கரோட்டிட் முழுவதும் மூடிப்போயும் எந்தக் குறையுமின்றி நடமாடுபவர்கள் இருக்கிறார்கள். ஆகவே அடைப்பு எவ்வளவு என்பதைப் போலவே, அந்தப் படிவு இப்போது அமைதியாக இருக்கிறதா, புண்ணாகி இருக்கிறதா என்பதும் முக்கியம். அதை நமக்குச் சொல்லும் முதல் சாட்சி, ஸ்கேனுக்கும் முன்னால், நோயாளிக்கு வந்த அறிகுறிதான்.

கழுத்துத் தமனிக்கும் பக்கவாதத்துக்கும் உள்ள உறவை மில்லர் ஃபிஷர் 1951-இல் தெளிவாக எடுத்துரைத்தார். 1953-இல் ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி அந்தப் படிவை அகற்றினார். 1954-இல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில், அடிக்கடி வந்து மறையும் தாக்குதல்களால் அவதிப்பட்ட ஒரு பெண்மணிக்கு, உடலைப் பனிக்கட்டியால் குளிர்வித்து அறுவை செய்தார்கள். அதன் பிறகு இந்தச் சிகிச்சை பரவிய வேகம் சான்றுகளை வெகுவாக முந்திவிட்டது. 1985-இல் அமெரிக்காவில் மட்டும் கரோட்டிட் எண்டார்டெரெக்டமி எனப்படும் இந்தப் படிவு அகற்றும் அறுவைகள் ஒரு லட்சத்துக்கும் மேல் நடந்தன. 1988-இல் வெளியான ஓர் ஆய்வு, முதியோருக்குச் செய்யப்பட்ட அறுவைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தேவையற்ற காரணங்களுக்காகச் செய்யப்பட்டவை என்றும், நோயாளிகளில் 9.8 சதவீதத்தினருக்குப் பெரிய பாதிப்போ மரணமோ நேர்ந்தது என்றும் காட்டியது. பக்கவாதத்தைத் தடுக்கச் செய்யும் அறுவையே பக்கவாதத்தைத் தரக்கூடும் என்ற நிலையில், யாருக்குச் செய்தால் நன்மை மிஞ்சும் என்பதைக் கணக்கிட்டே ஆக வேண்டியிருந்தது.

கனடாவின் ஹென்றி பார்னெட் தலைமையில் நடந்த நாசெட் ஆய்வு 1991-இல் அந்தக் கணக்கைத் தந்தது. அண்மையில் அறிகுறி வந்து, 70 முதல் 99 சதவீதம் வரை அடைப்புள்ள 659 பேரில், மருந்து மட்டும் பெற்றவர்களில் 26 சதவீதத்தினருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் அதே பக்கத்துப் பக்கவாதம் வந்தது. அறுவை செய்துகொண்டவர்களில் 9 சதவீதத்தினருக்கு. இந்த 9-க்குள் அறுவையால் வந்த பாதிப்பும் அடக்கம். 1998-இல் வந்த அதன் அடுத்த பகுதி, 50 முதல் 69 சதவீத அடைப்புக்கு நன்மை மிதமானதே என்றும், 50-க்குக் கீழே நன்மையே இல்லை என்றும் காட்டியது.

இந்த எண்கள் பலருக்கும் தெரியும். அதே அளவு பரவாத, ஆனால் எனக்கு அவற்றைவிடப் பெரிதாகப் படும் இன்னொரு கணக்கு 2004-இல் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த பீட்டர் ராத்வெல்லும் அவர் குழுவினரும் முந்தைய ஆய்வுகளின் நோயாளிகளை ஒன்றுசேர்த்து, அறிகுறி வந்த நாளுக்கும் அறுவைக்கும் இடையே எவ்வளவு காலம் போனது என்று பார்த்தார்கள். 50 சதவீதமும் அதற்கு மேலும் அடைப்புள்ளவர்களில், இரண்டு வாரத்துக்குள் அறுவை செய்தால் ஐந்து ஆண்டுகளில் ஒரு பக்கவாதத்தைத் தடுக்க 5 பேருக்குச் செய்தால் போதும். பன்னிரண்டு வாரம் கடந்த பிறகு செய்தால் 125 பேருக்குச் செய்ய வேண்டும். நோயும் அறுவையும் மாறவில்லை. நாள் கடந்ததே வேறுபாடு. படிவு புண்ணாக இருக்கும் தொடக்க நாள்களில்தான் ஆபத்து குவிந்திருக்கிறது. மூன்று மாதம் தள்ளிப்போட்டால், பக்கவாதம் வரவிருந்தவர்களுக்கு அது வந்து முடிந்திருக்கும், மற்றவர்களின் படிவு ஓரளவு ஆறியிருக்கும். அதற்காக முதல் நாளே கத்தியை எடுக்க வேண்டும் என்றும் பொருளில்லை. சுவீடன் நாட்டுப் பதிவேட்டில், முதல் இரண்டு நாள்களுக்குள் செய்த அறுவைகளில் பக்கவாதமும் மரணமும் 11.5 சதவீதமாக இருக்க, மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் செய்தவற்றில் 3.6 சதவீதமாகவே இருந்தது.

நம் ஊரில் அந்த இரண்டு வாரங்கள் எப்படிக் கழிகின்றன என்பதை நினைத்தால் மனம் பொறுப்பதில்லை. ஒரு தையற்காரர், துணியை வெட்டிக்கொண்டிருக்கும்போது வலக் கையிலிருந்து கத்தரிக்கோல் நழுவி விழுந்தது. மனைவியைக் கூப்பிட வாய் திறந்தால் வார்த்தைகள் இடம் மாறி வந்தன. பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. அருகிலிருந்த கிளினிக்கில் பிரஷர் பார்த்து, சத்து மாத்திரை கொடுத்து, அசதிதான் என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே போல் வந்தபோதுதான் அவர் மகள் அழைத்து வந்தார். இடக் கரோட்டிட்டில் எண்பது சதவீத அடைப்பு இருந்தது. தானாகச் சரியாகிவிட்டதே என்ற நிம்மதிதான் இங்கே ஆபத்து. இதற்கு டி.ஐ.ஏ. என்று பெயர், சிலர் மினி ஸ்ட்ரோக் என்பார்கள். மறைந்துவிட்ட அறிகுறியோடு மருத்துவமனைக்குப் போக நமக்குக் கூச்சமாக இருக்கிறது. அறுவை என்று சொன்னாலும் ஆடி கழியட்டும், வீட்டுக் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளுகிறோம். ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த எக்ஸ்பிரஸ் ஆய்வில், இப்படி வந்து மறைந்த தாக்குதலுக்கும் சிறு பக்கவாதத்துக்கும் உடனுக்குடன் பரிசோதித்து மருந்து தொடங்கியபோது, மூன்று மாதத்துக்குள் மீண்டும் பக்கவாதம் வருவது 10.3 சதவீதத்திலிருந்து 2.1 சதவீதமாகக் குறைந்தது. அந்த மருந்துகள் இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின், இரத்த அழுத்த மாத்திரை போன்ற, எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும் சாதாரண மருந்துகள். ஆனால் மூளைக்குள் கசிவு இல்லை என்று சி.டி. ஸ்கேனில் பார்த்த பிறகே ஆஸ்பிரின் தர வேண்டும். வீட்டில் தாமாகப் போட்டுக்கொள்ளக் கூடாது.

அந்தத் தையற்காரருக்குக் கழுத்தை மட்டும் மரக்கச் செய்து அறுவை நடந்தது. நான் உடன் நின்று பார்த்தேன். அவரது வலக் கையில் அழுத்தினால் கீச்சென்று ஒலிக்கும் ரப்பர் பொம்மை ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். தமனியைக் கவ்விகளால் மூடிய பிறகு, மூளைக்கு மற்ற வழிகளில் இரத்தம் போதுமான அளவு போகிறதா என்பதை அந்தக் கீச்சொலியே சொல்லிக்கொண்டிருந்தது. ஒலி நின்றால் உடனே ஷன்ட் என்னும் சிறு குழாயைப் பொருத்தி இரத்தத்தை மேலே அனுப்ப வேண்டும். அறுவை நிபுணர் தமனியை நெடுகக் கீறி, சுவரின் அடுக்குகளுக்கிடையே மெல்லிய கரண்டி போன்ற கருவியை நுழைத்துப் படிவைப் பிரித்தார். மஞ்சளும் சாம்பலுமாக, தமனியின் கவட்டு வடிவத்திலேயே, ஓரிடத்தில் கருஞ்சிவப்பு உறைவு ஒட்டிய நிலையில் அது ஒரே துண்டாக வெளியே வந்தது. அதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு, அந்தக் கைக்கு ஏன் அப்படி ஆயிற்று என்று வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை. பிறகு ஒரு ஒட்டுத் துணியை வைத்துத் தமனியைத் தைத்தார்கள். முழு மயக்கம் கொடுப்பதா, கழுத்தை மட்டும் மரக்கச் செய்வதா என்பதில் பெரிய வேறுபாடில்லை என்று 3,526 பேரிடம் நடந்த காலா ஆய்வு 2008-இல் காட்டிவிட்டது. எனவே அதை அந்தக் குழுவின் பழக்கத்துக்கு விட்டுவிடலாம்.

அறுவைக்குப் பின் முதல் சில நாள்கள் இரத்த அழுத்தத்தை விடாமல் கவனிக்க வேண்டும். நெடுநாள் குறைந்த இரத்தத்தோடு பழகிய மூளைக்குத் திடீரென்று அதிகம் பாய்ந்தால் கடும் தலைவலியும் வலிப்பும் வரலாம், அரிதாக மூளைக்குள் இரத்தக் கசிவும் ஏற்படலாம். கழுத்தில் வீக்கம் கூடினாலும், மூச்சு திணறினாலும் உடனே செவிலியரிடம் சொல்ல வேண்டும். நாக்கு ஒரு பக்கம் கோணுவதும் குரல் கம்முவதும் சிலருக்கு வரும், பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகிவிடும்.

வெட்டாமல், தமனியை உள்ளிருந்து விரித்துப் பிடிக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட் வைத்துவிடலாமே என்ற கேள்விக்கு, 2,502 பேரிடம் நடந்து 2010-இல் வெளியான கிரெஸ்ட் ஆய்வு ஒரு பதில் தருகிறது. சிகிச்சையை ஒட்டிய நாள்களில் ஸ்டென்ட் வைத்தவர்களில் 4.1 சதவீதத்தினருக்கும் அறுவை செய்தவர்களில் 2.3 சதவீதத்தினருக்கும் பக்கவாதம் வந்தது. மாரடைப்பு முறையே 1.1, 2.3 சதவீதம். எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு அறுவையே பாதுகாப்பானதாகத் தெரிந்தது. கழுத்தில் ஏற்கெனவே அறுவையோ கதிர்வீச்சோ நடந்தவர்களுக்கும், இதயம் மிகப் பலவீனமானவர்களுக்கும் ஸ்டென்ட் பொருந்தும். தழும்பு தெரியக் கூடாது என்பதற்காக மட்டும் ஒருவர் ஸ்டென்ட்டைத் தேர்ந்தெடுப்பதை நான் ஏற்க மாட்டேன்.

அறிகுறியே இல்லாதவர்களின் கணக்கு தனி. 1995-இல் வந்த அகாஸ் ஆய்வில், 60 சதவீதத்துக்கு மேல் அடைப்பிருந்தும் அறிகுறி இல்லாதவர்களுக்கு அறுவையால் ஐந்து ஆண்டுப் பக்கவாத ஆபத்து 11 சதவீதத்திலிருந்து 5.1 சதவீதமாகக் குறைந்தது. அந்தக் காலத்தில் ஸ்டாட்டின் பரவலாக இல்லை. மருந்துகள் மேம்பட்ட பிறகு நடந்த கிரெஸ்ட்-2 ஆய்வின் முடிவு 2025 நவம்பரில் வெளியானது: நான்கு ஆண்டுகளில் மருந்து மட்டும் பெற்றவர்களுக்கு 6.0 சதவீதமும் ஸ்டென்ட்டோடு மருந்தும் பெற்றவர்களுக்கு 2.8 சதவீதமும் பாதிப்பு, அதாவது பக்கவாதமோ சிகிச்சையை ஒட்டிய மரணமோ. அறுவையை ஒப்பிட்ட மற்றொரு பிரிவில் 5.3-க்கு 3.7, ஆனால் இந்த வேறுபாடு தற்செயலானதல்ல என்று சொல்லும் அளவுக்குப் போதவில்லை. எப்படிப் பார்த்தாலும் நூறு பேரில் ஏறக்குறைய 94 பேர் மருந்தோடு மட்டுமே நான்கு ஆண்டுகளை நலமாகக் கடந்தார்கள். எனவே அறிகுறியில்லாத ஒருவர் பரிசோதனை அறிக்கையைக் கண்டு இரவோடிரவாக அறுவைக்குப் பணம் புரட்ட வேண்டியதில்லை. இரண்டாவது கருத்துக் கேட்க அவருக்கு நேரம் இருக்கிறது.

இந்தியர் உள்ளிட்ட ஆசியர்களிடம் மண்டையோட்டுக்குள் இருக்கும் தமனிகளில் அடைப்பு வருவது மேலைநாட்டவரைவிட அதிகம் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மண்டையோட்டுக்குள் இருக்கும் அந்தத் தமனிகளில் ஸ்டென்ட் வைத்துப் பார்த்த சாம்பிரிஸ் ஆய்வு 2011-இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. முப்பது நாளுக்குள் பக்கவாதமோ மரணமோ ஸ்டென்ட் வைத்தவர்களில் 14.7 சதவீதம், தீவிர மருந்துச் சிகிச்சை பெற்றவர்களில் 5.8 சதவீதம். கழுத்தில் நன்மை செய்வது தலைக்குள் தீமை செய்யக்கூடும். கண்ணில் படும் ஒவ்வோர் அடைப்பையும் திறந்துவிட வேண்டும் என்று வற்புறுத்தும் உறவினர்களுக்கு நான் இந்த எண்களைத்தான் சொல்கிறேன்.

அறுவைக்குச் சம்மதிக்கும் முன், செய்யப்போகும் குழுவிடம் அவர்களுடைய சொந்தக் கணக்கைக் கேளுங்கள். பக்கவாதமும் மரணமும் சேர்ந்து, அறிகுறி உள்ளவர்களில் 6 சதவீதத்துக்கும், இல்லாதவர்களில் 3 சதவீதத்துக்கும் கீழே இருக்க வேண்டும் என்பது நெடுங்காலமாக வழிகாட்டு நெறிகளில் உள்ள வரம்பு. இதைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. நல்ல அறுவை நிபுணர்கள் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கிறார்கள். கழுத்தில் படிவு இருப்பவரின் இதயத் தமனியிலும் கால் தமனியிலும் அது இருக்க வாய்ப்புண்டு என்பதால், இதயப் பரிசோதனையையும் கேட்டுப் பெறுங்கள். பீடி, சிகரெட்டை அன்றே நிறுத்த வேண்டும். அறுவை முடிந்து வீடு திரும்பிய பிறகும் ஆஸ்பிரினும் ஸ்டாட்டினும் தொடரும். பல் பிடுங்கப் போகும்போது யாராவது ஆஸ்பிரினை நிறுத்தச் சொன்னால், நிறுத்துவதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.