ஓகஸ்ட் மாதக் கணக்கு

நமது மலரில், யாழ்ப்பாணத்துக் கல்லூரிகள் இரண்டு மோதும் கிரிக்கெட் ஆட்டமான வடக்கின் பெரும்போரைப் பற்றி எழுத ஆட்களுக்குக் குறைவில்லை. இந்த முறை வேறொரு கல்லூரியின் பக்கம் போவோம்: நம்மில் சிலர் பின்னாளில் படித்த மிச்சிகன் பல்கலைக்கழகமும், ஓகஸ்ட் வந்தால் அங்கே சனத்துக்குப் பிடிக்கும் அமெரிக்கன் புட்போல் பைத்தியமும்.

அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பர் நகரில் அந்த மாதக் கடைசிக் கிழமை என்றால், வீடு மாறுகிறவர்கள் தெருவோரம் விட்டுப்போன சோபாக்களைத் தாண்டி நடக்கும்போதும் காதில் விழுவது ஒரே கேள்விதான்: "இந்த வருசம் எப்படி?" முதலாட்டம் செப்டெம்பர் முதற் சனி, அல்லது அதற்கு முந்திய சனி. அதுவரை எந்த அணியும் ஓர் ஆட்டமும் தோற்றிருக்காது. ஆகவே எல்லோரிடமும் ஒரு கணக்கு இருக்கும்: பன்னிரண்டு ஆட்டத்தில் பத்து உறுதி, நவம்பர் கடைசியில் பரம வைரியான ஒகையோ ஸ்டேட்டையும் மடக்கினால் பதினொன்று. பெரும்போருக்கு முதல் நாள் தேநீர்க்கடையில் இருந்து இன்னும் அடிக்காத ஓட்டங்களை எண்ணுவோமே, அதே எண்ணிக்கைதான்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு நாலு வரி. இது உதைபந்தாட்டம் அல்ல. றக்பிக்கு ஒன்றுவிட்ட சகோதரம். ஒரு பக்கத்துக்குப் பதினொருவர். நான்கு முயற்சிக்குள் 10 யார் முன்னேற வேண்டும், இல்லையேல் பந்து மற்றவர் கைக்குப் போகும். எதிரணியின் எல்லைக் கோட்டைக் கடந்தால் 6 புள்ளி, அதுதான் டச்டவுன். அதன் பின் கம்பங்களுக்கிடையே உதைத்தால் 1, உதைக்காமல் இன்னொரு தடவை கோட்டைக் கடந்தால் 2. தூரத்தில் நின்று கம்பங்களுக்கிடையே உதைப்பது பீல்ட் கோல், அதற்கு 3. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர் குவாட்டர்பேக். அவருக்குச் சுவராக நிற்கும் ஐந்து பெருத்த உடம்புகள்தான் முன்வரிசை. ரசிகர் பேச்சில் குவாட்டர்பேக்கின் பெயர் நூறு தடவை வரும். அந்த ஐவரின் பெயர் ஒரு தடவைகூட வராது. கணக்குப் பிழைக்கத் தொடங்குவது அங்கேதான்.

நமது கல்லூரி அணிக்கும் அந்த அணிக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. இரண்டிலும் ஆட்கள் நிலைப்பதில்லை. உயர்தரம் எழுதி முடித்த வேகப்பந்து வீச்சாளர் அடுத்த பங்குனிக்கு வரமாட்டார். அங்கேயும் ஒருவருக்கு நான்கு பருவம்தான். விளையாடாமல் ஓர் ஆண்டு ஒதுங்கி, ஐந்தாண்டுக்குள் அந்த நான்கை ஆடலாம் என்பது பழைய வழக்கம். அதற்கு றெட்ஷேர்ட் என்று பெயர்; 2018 முதல் நான்கு ஆட்டம் வரை ஆடினாலும் அந்த ஆண்டு கணக்கில் சேராது என்று தளர்த்தினார்கள். நல்ல ஆட்டக்காரர் நான்கையும் ஆடாமலே, மூன்றாம் ஆண்டோடு தொழில்முறை அணிக்குப் போய்விடுவார். ஆகவே யார் இருக்கிறார் என்பதைவிட யார் போய்விட்டார் என்பதே முதற் கேள்வி.

2007ஆம் ஆண்டு ஓகஸ்டில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. முந்திய பருவத்தில் மிச்சிகன் தொடர்ந்து 11 ஆட்டம் வென்று, ஒகையோ ஸ்டேட்டிடம் 42-39 என்று தோற்றது. பின் புத்தாண்டு நாள் ஆட்டமான றோஸ் போலிலும் தோற்றது. ஆனாலும் குவாட்டர்பேக் சாட் ஹென்னி, ஓட்டக்காரர் மைக் ஹார்ட், முன்வரிசையில் இடது ஓரத்து ஜேக் லோங் மூவரும் தொழில்முறைக்குப் போகாமல் திரும்பி வந்தார்கள். மூன்று பெயரும் பெரிய பெயர். பருவம் தொடங்குமுன் ஏபி செய்தி நிறுவனம் பத்திரிகையாளர் வாக்கில் எடுக்கும் தரவரிசையில் 5ஆம் இடம். தேசியக் கிண்ணம் என்றே பேச்சு.

மறுபக்கத்தைப் பாருங்கள். முந்திய ஆண்டு எதிரணியின் ஓட்டத்தை நாட்டிலேயே ஆகக் குறைவாக மட்டுப்படுத்திய தடுப்பணி அது. அதிலிருந்து லமார் வூட்லி, அலன் பிராஞ்ச், டேவிட் ஹரிஸ், லியோன் ஹோல் நால்வரும் அந்தச் சித்திரையில் தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும் தேர்வில் முதல் ஐம்பது பெயர்களுக்குள் எடுபட்டுப் போனார்கள். ஓரம், நடு, பின்னால் காவல், அகலத்தில் துரத்தல் என்று ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு தூண் இல்லை. தாக்குதலில் வந்த மூன்று பெயரை எண்ணினார்கள், தடுப்பில் போன நாலு பெயரை எண்ணவில்லை.

செப்டெம்பர் 1ஆந் திகதி முதலாட்டத்துக்கு வந்தது வட கரோலைனா மலைப்பக்கத்து அப்பலாச்சியன் ஸ்டேட். ஒரு தரம் கீழான பிரிவு. மேற்பிரிவு அணிக்கு அப்போது 85 உதவித்தொகை என்றால் அவர்களுக்கு 63. இலகுவான வெற்றி என்று பணம் கொடுத்து அழைக்கும் வகை ஆட்டம். ஆனால் அந்தக் கீழ்ப்பிரிவில் அவர்கள் 2005, 2006 இரண்டு ஆண்டும் சம்பியன். ஆட்டக்காரரை மைதானத்தின் அகலம் முழுக்கப் பரப்பி நிறுத்தி, குவாட்டர்பேக் ஆர்மான்டி எட்வேட்ஸ் தானே பந்தோடு ஓடும் முறை அவர்களுடையது. அப்படிப் பரப்பினால் தடுப்பவர் ஒவ்வொருவரும் தனித்து ஒருவரைப் பிடிக்க வேண்டும். உடம்புப் பாரத்தால் பயனில்லை, கால் வேகம்தான் வேண்டும். புதுத் தடுப்பணிக்கு அது இல்லை. இடைவேளையில் 28-17 என்று விருந்தாளிகள் முன்னால்.

இரண்டாம் பாதியில் மிச்சிகன் துரத்தி வந்தது. இரண்டு டச்டவுனுக்குப் பின் இரண்டு தடவையும் 2 புள்ளிக்கு முயன்றது; இரண்டும் தவறின. ஒற்றைப் புள்ளியை இரு தடவையும் உதைத்து எடுத்திருந்தால் 34 ஆகியிருக்கும். எடுத்தது 32. அப்பலாச்சியன் 34. இறுதி 26 விநாடியில் ஒரு நீண்ட எறிதலால் 20ஆம் யார்க் கோட்டுக்குப் போய், 37 யார்த் தூர உதை ஒன்றுக்கு வாய்ப்பு வந்தது. கோரி லிஞ்ச் பாய்ந்து வந்து அதை மறித்தார். முழங்கிக்கொண்டிருந்த ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட சனம் செத்தவீடு போல நின்றது. கீழ்ப்பிரிவு அணி ஒன்று தரவரிசையில் உள்ள மேற்பிரிவு அணியை வென்றது அதுவே முதல் தடவை. ஏபி தரவரிசையில் கீழ்ப்பிரிவு அணிக்கும் வாக்களிக்கலாம் என்று சில நாளில் விதியை மாற்றினார்கள். மிச்சிகன் 5ஆம் இடத்திலிருந்து பட்டியலுக்கு வெளியே போனது.

ஆகவே ஓகஸ்டில் கணக்குப் போட ஒரு முறை சொல்கிறேன். பல்கலைக்கழகம் வெளியிடும் ஆட்டக்காரர் பட்டியலை எடுத்து, தாக்குதலுக்குப் பதினொன்று, தடுப்புக்குப் பதினொன்று, உதைப்பவர் இருவர் என்று ஒரு தாளில் இடம் போடுங்கள். முந்திய ஆண்டின் கடைசி நான்கு ஆட்டத்தை யார் தொடங்கினார் என்று பார்த்து நிரப்புங்கள். முழுப் பருவத்தையும் எடுத்தால் காயத்தில் போனவரும் மாற்றாக வந்தவரும் கலந்து குழப்பும். பிறகு போனவர்களை வெட்டுங்கள். வெட்டிய இடங்கள் சிதறிக் கிடந்தால் பெரிதாகப் பயப்பட வேண்டாம். அடுத்தடுத்து மூன்று இடம் வெட்டுப்பட்டால் யோசியுங்கள்.

முன்வரிசை ஐவருக்குத் தனிக் கணக்கு. ஒவ்வொருவரும் இதுவரை எத்தனை ஆட்டம் தொடங்கினார் என்று கூட்டுங்கள். ஐவருக்கும் சேர்த்து எண்பது, நூறு வந்தால் நிம்மதி. இருபதுக்குள் என்றால் குவாட்டர்பேக் யாராக இருந்தாலும் ஒக்டோபரில் அவர் நிலத்தில் மல்லாந்துதான் கிடப்பார். காரணம் பலம் அல்ல, பேச்சு. எதிரணி கடைசி விநாடியில் இடம் மாறி ஓடி வரும்போது, ஒருவரை நான் விடுகிறேன் நீ பிடி என்று இடதும் நடுவும் கண்ணாலேயே சொல்லிக்கொள்ள வேண்டும். அது பக்கத்தில் நின்று பழகினால்தான் வரும். ஓகஸ்ட் பயிற்சி முகாமில் ஏறத்தாழ 25 நாள் கிடைக்கும், அதிலும் முதற் சில நாள் முழுக் கவசம் இல்லாமல். அது போதாது. 2023இல் 15 ஆட்டமும் வென்று தேசியக் கிண்ணம் எடுத்த அணியிலிருந்து 13 பேர் தொழில்முறைத் தேர்வுக்குப் போனார்கள். முன்வரிசை ஐவரும் ஒரே நேரத்தில் போய்விட்டார்கள். 2024 ஓகஸ்டில் தரவரிசை 9ஆம் இடம் கொடுத்தது. முடிவு 8-5, அதாவது எட்டு வெற்றி, ஐந்து தோல்வி. அந்தத் தாளில் வெட்டுக்களைப் பார்த்தவர்களுக்கு அது புதினமே இல்லை.

முதலாட்டக் கிழமை திங்கள் அல்லது செவ்வாய் ஒரு தாள் வருவதுண்டு, டெப்த் சார்ட் என்பார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் முதலாவது ஆள், இரண்டாவது ஆள். அதில் வாசிக்க வேண்டியது பெயரையல்ல, பெயர்களுக்கிடையே வரும் "அல்லது" என்ற சொல்லை. ஓட்டக்காரர் இடத்தில் "அல்லது" இருந்தால் பரவாயில்லை, இருவரும் மாறி மாறி ஓடுவார்கள். நடுத் தடுப்பிலும் அப்படியே. குவாட்டர்பேக் இடத்தில் இருந்தால் பயிற்றுநருக்கே இன்னும் தெரியவில்லை என்று பொருள். விதிவிலக்கு 2022. முதலாட்டத்தை ஒருவர், இரண்டாம் ஆட்டத்தை இன்னொருவர் தொடங்குவார்கள் என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். எதிரணிகள் பலவீனம் என்பதால் சோதனைக்குச் செலவில்லை. கொலராடோ ஸ்டேட் 51-7, ஹவாய் 56-10. இரண்டாமவரான ஜே.ஜே. மக்கார்த்தி நிலைத்தார். எதிரணி ஒகையோ ஸ்டேட்டாக இருந்தால் அப்படிச் செய்ய முடியுமா என்ன?

இனி முதலாட்டத்தின் முடிவை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி. என் எண்ணத்தில் மிகக் கொஞ்சம். 2008இல் யூட்டாவிடம் சொந்த மண்ணில் 25-23 தோல்வி; வெட்கம் என்றார்கள். யூட்டா அந்த ஆண்டு ஓர் ஆட்டமும் தோற்கவில்லை; மிச்சிகனோ 3-9. 2009இல் முதலாட்டம் 31-7 வெற்றி, அதையும் சேர்த்துத் தொடர்ந்து நாலு வெற்றி, முடிவு 5-7. 2010இல் கனெக்டிகட்டை 30-10 என்று வென்றபோது டெனாட் றொபின்சன் ஓடியே 197 யார் எடுத்தார். ஊரே தலையில் தூக்கியது. தடுப்பணி ஓட்டை என்பது ஒக்டோபரில்தான் தெரிந்தது, முடிவு 7-6. 2015இல் அதே யூட்டாவிடம் தோற்றுத் தொடங்கிய அணி 10-3 என்று முடித்தது. 2020இல் மினசோட்டாவில் 49 புள்ளி குவித்துத் தொடங்கியவர்கள் 2-4 என்று முடித்தார்கள். அதற்கடுத்த ஓகஸ்டில் தரவரிசைப் பட்டியலிலேயே பெயர் இல்லை; அந்த அணிதான் நவம்பரில் ஒகையோ ஸ்டேட்டை 42-27 என்று மடக்கிப் பிராந்தியக் கிண்ணம் எடுத்தது.

புள்ளியை விட்டு எதைப் பார்ப்பது? முதற் கால்பகுதியில் பந்தைப் பார்க்காமல் முன்வரிசையின் கால்களைப் பாருங்கள். பந்து நகர்ந்ததும் ஐவரும் ஒரு யார் முன்னே போனால் நல்லது. இருந்த இடத்திலேயே நிமிர்ந்து நின்றால் எதிரணி எவ்வளவு பலவீனமானாலும் கவலைப்படுங்கள். தடுப்பில், ஓடுபவரை முதலில் தொட்டவர் விழுத்துகிறாரா, இல்லை மூன்றாமவர்தானா? ஓகஸ்ட் பயிற்சியில் காயத்துக்குப் பயந்து முழுவதாக விழுத்திப் பழகமாட்டார்கள். ஆகவே முதலாட்டத்தில் இரண்டு மூன்று தவறுவது வழமை, பத்துத் தவறினால் நோய். வெற்றி உறுதியான பின் எழுந்து போகாதீர்கள். இரண்டாம் வரிசை ஆட்கள் வரும் நேரம் அதுதான். நவம்பரில் காயப்பட்டவரின் இடத்தில் நிற்கப்போவது அவர்களே.

ரொறன்ரோவிலிருந்து போகிறவர்களுக்கு: வின்சர் பாலம் கடந்து நாலு, நாலரை மணி நேரம், எல்லையில் வரிசை தனி. 1927இல் திறந்த அரங்கம் பெரும்பகுதி நிலத்துக்குள் தோண்டியது. வெளியே நின்றால் 107,601 பேருக்கான இடம் என்று நம்பமாட்டீர்கள். உள்ளே போய் மேற்படியில் நின்று கீழே பார்த்தால்தான் குழியின் ஆழம் தெரியும். கைப்பை எதுவும் கொண்டுபோக விடமாட்டார்கள், குழந்தைச் சாமான் பை என்றாலும் முதலில் விசாரியுங்கள். இருக்கை என்பது இலக்கமிட்ட நீள வாங்கு. குளிருக்குத் தடித்த உடுப்புப் போடும் நவம்பரில் பதினெட்டுப் பேர் இடத்தில் பதினாறு பேர்தான் கொள்வர். பின்னேர ஆட்டம் என்றால் கிழக்குப் பக்க வாங்கில் வெயில் நேரே முகத்தில் அடிக்கும். தொப்பியோடு போங்கள், அல்லது மேற்குப் பக்கம் ரிக்கற் எடுங்கள்.

தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னரே உள்ளே போனால் உதைப்பவர் பழகுவதைக் காணலாம். பந்து நிற்கும் கோட்டோடு 17 யார் கூட்டினால் உதையின் தூரம் வரும்: பின்னே பிடித்து நிறுத்தும் 7, கோட்டுக்கு அப்பாலுள்ள 10. அப்பலாச்சியன் ஆட்டத்தில் 20ஆம் கோட்டில் நின்ற பந்து 37 ஆனது அப்படித்தான். பந்து பின்னே எறிபடுவதிலிருந்து கால் படும்வரை ஒன்றேகால் விநாடி, கூடினால் 1.3. அதற்கு மேல் போனால் ஓரத்திலிருந்து பாய்கிறவர் வந்து சேர்ந்துவிடுவார். கையில் மணிக்கூடு இருந்தால் பத்து உதையை அளந்து பாருங்கள்.