நம்பாதவர்களுக்கு எதற்கு அந்தப் பெயர்?

போன மாதம் பாளையங்கோட்டைக்குப் போயிருந்தபோது அம்மா என் போனில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டாள். ஆட்டுத்தலை, இறக்கை, சம்மணம் போட்டு உட்கார்ந்த உடம்பு, இரண்டு பக்கமும் நின்று நிமிர்ந்து பார்க்கிற ஒரு பையனும் ஒரு சிறுமியும், எல்லாம் வெண்கலத்தில். என்னல இது என்றாள். இதற்குப் பாஃபமெட் என்று பெயர், அமெரிக்காவில் சாத்தானியக் கோயில் என்று ஓர் அமைப்பு இருக்கிறது, அவர்கள் செய்த சிலை, ஆனால் அவர்கள் சாத்தானைக் கும்பிடுகிறவர்கள் கிடையாது, அப்படி ஒருவன் இருக்கிறான் என்பதையே நம்பாதவர்கள் என்று மளமளவென்று சொல்லிக்கொண்டே போனேன். அம்மா குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு, "நம்பலன்னா பெறவு எதுக்குல அந்தப் பேரு?" என்றாள்.

அன்றைக்கு என்னிடம் சரியான பதில் இல்லை. ரெண்டு வருஷமாக இவர்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன், கேட்டதும் வாய் அடைத்துவிட்டது. இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

சர்ச்சுக்குப் போகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பெயரின் கனம் தெரியும். "அப்பாலே போ சாத்தானே" என்ற வசனம் எனக்கு எழுதப் படிக்கத் தெரிவதற்கு முன்பே மனப்பாடம். ராத்திரி கரண்ட் போனால் அதைத்தான் முணுமுணுப்பேன். கொஞ்சம் வளர்ந்த பிறகுதான் கவனித்தேன், அந்தப் பெயரைக் கண்ணுக்குத் தெரியாத ஒருவனுக்கு மட்டும் சொல்வதில்லை. சண்டே ஸ்கூலில் அதிகமாகக் கேள்வி கேட்ட பையனுக்குள் சாத்தான் புகுந்துவிட்டான் என்றார்கள். வீட்டில் பார்த்த மாப்பிள்ளை வேண்டாம் என்று சொன்ன பக்கத்து வீட்டு அக்காவுக்கும் அதே பேச்சு. குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியை அடிக்கிறவரைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. தன் மனசைத் தன்னிடமே வைத்துக்கொள்ள நினைத்தவர்கள் மேல்தான் அந்தப் பெயர் போய் ஒட்டியது.

எபிரேய மொழியில் அந்தச் சொல்லுக்கு எதிராளி, குற்றம் சாட்டுகிறவன் என்று பொருள். யோபு புத்தகத்தில் அவன் தேவபுத்திரரோடு சேர்ந்து கர்த்தருடைய சந்நிதியில் வந்து நிற்கிறான், யோபு சும்மாவா உமக்குப் பயந்து நடக்கிறான் என்று கேட்கிறான். கொம்பும் வாலும் எல்லாம் பிற்பாடு வந்து சேர்ந்தவை. அப்புறம் 1667இல், சொர்க்கத்திலிருந்து தள்ளப்பட்ட தூதனாகச் சாத்தானைக் காட்டுகிற 'இழந்த சொர்க்கம்' என்ற ஆங்கிலக் கவிஞர் மில்டனின் காவியம் வந்தது. மன்னராட்சியை எதிர்த்து நின்று, அந்தப் போராட்டமும் தோற்று, கண் பார்வையும் போன ஒரு மனிதர் எழுதியது. கடவுளின் வழிகள் நியாயமானவை என்று காட்டத்தான் எழுதினார், ஆனால் விழுந்த பிறகும் தலை வணங்க மறுக்கிற அந்தத் தூதன் வாசகர்கள் மனசில் வேறு விதமாக உட்கார்ந்துவிட்டான். ப்ளேக், ஷெல்லி போன்ற கவிஞர்கள் அவனிடம் ஒரு கலகக்காரனைப் பார்த்தார்கள். ரஷ்யப் புரட்சியாளர் பக்கூனின் இன்னும் ஒரு படி போய், ஏவாளை அந்தக் கனியைத் தின்னச் சொன்னவன்தான் உலகத்தின் முதல் சுதந்திரச் சிந்தனையாளன் என்கிற அளவுக்கு எழுதினார்.

இதை எல்லாம் ஓர் அமைப்பாக்கியவர் ஆன்டன் லாவே. 1966 ஏப்ரல் 30ஆம் தேதி இரவு, சான்பிரான்சிஸ்கோவில், மொட்டை அடித்துக்கொண்டு சாத்தான் திருச்சபையைத் தொடங்கினார், சாத்தானியக் கோயிலுக்கு ரொம்ப முந்தைய வேறோர் அமைப்பு அது. கலிபோர்னியா தெருவில் இருந்த அவர் வீட்டுக்கே கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தது. 1969இல் சாத்தானிய பைபிளை வெளியிட்டார். அதில் கும்பிடுவதற்குக் கடவுளும் இல்லை, பேயும் இல்லை. சாத்தான் என்பது மனுஷனுடைய ஆசை, பெருமிதம், உடம்பு இவற்றுக்கு ஒரு குறியீடு, அவ்வளவுதான். உனக்கு மேலே யாரும் இல்லை, உன் வாழ்க்கைக்கு நீயே பொறுப்பு, ஆகவே வருஷத்தின் பெரிய பண்டிகை உன் பிறந்தநாள். இந்தப் பிறந்தநாள் விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நீ பாவத்தில் பிறந்தவன் என்று வாரா வாரம் கேட்டு வளர்ந்த ஒருவனுக்கு, நீ பிறந்ததே கொண்டாட வேண்டிய நாள் என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1967இல் அவர் எழுதிய பதினோரு விதிகளில் முதலாவது, கேட்காதவர்களுக்குக் கருத்தும் சொல்லாதே, அறிவுரையும் சொல்லாதே என்பது. அடுத்தவரின் விருப்பம் தெரியாமல் அவர் உடம்பை நெருங்காதே என்று ஒன்று உண்டு. குழந்தைகளுக்குத் தீங்கு செய்யாதே, சாப்பாட்டுக்கோ உன்னைக் காத்துக்கொள்ளவோ தவிர எந்த மிருகத்தையும் கொல்லாதே என்றும் உண்டு. நரபலி, பூனை பலி என்றெல்லாம் சினிமா பார்த்துப் பயந்தவர்கள் இதை ஒரு தடவை படித்தால் போதும்.

ஆனால் லாவேயோடு எனக்குப் பெரிய சண்டை இருக்கிறது. அவர் பேசுகிற சுதந்திரம் பலசாலியின் சுதந்திரம். அவருடைய பைபிளின் முதல் பகுதியிலேயே, வலிமையே நியாயம் என்று வாதாடுகிற ஒரு 19ஆம் நூற்றாண்டுத் துண்டுநூலிலிருந்து பக்கம் பக்கமாக எடுத்துப் போட்டிருக்கிறார். அன்பு தகுதி உள்ளவர்களுக்கு மட்டும், நன்றி கெட்டவர்களுக்கு வீணாக்காதே என்கிறார். சரி, தகுதியை யார் முடிவு செய்வது? தகுதி என்ற ஒரே சொல்லை வைத்து யார் யாரை வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள் என்று பார்த்து வளர்ந்த ஊர்க்காரன் நான். தன் காலை மட்டும் அவிழ்த்துக்கொண்டு, கட்டிக் கிடக்கிற அடுத்தவனைப் பார்த்து உனக்குத் திராணி இல்லை என்று சொல்வதை என்னால் சுதந்திரம் என்று ஒப்புக்கொள்ள முடியாது.

அம்மாவின் கேள்விக்கான பதில் எனக்கு வேறு இடத்தில் கிடைத்தது.

1980இல் கனடாவைச் சேர்ந்த ஒரு மனநல மருத்துவரும் அவருடைய நோயாளியும் சேர்ந்து ஒரு புத்தகம் போட்டார்கள். சின்ன வயதில் சாத்தான் கூட்டம் தன்னைச் சித்திரவதை செய்ததாக அந்தப் பெண்ணுக்குச் சிகிச்சையின்போது நினைவு வந்தது என்று அதில் இருந்தது. அதற்குப் பிறகு அமெரிக்கா முழுக்க ஒரு பீதி கிளம்பியது. கலிபோர்னியாவில் மழலையர் பள்ளி ஒன்றை நடத்தியவர்கள் மேல் 1983இல் புகார் வந்து, 1990 வரை வழக்கு இழுத்து, கடைசியில் ஒருவருக்கும் தண்டனை இல்லை. அதற்குள் அவர்கள் வாழ்க்கை போய்விட்டது. சாத்தான் கூட்டங்கள் ரகசியமாக ஆட்களைக் கொல்கின்றன என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயில் இதை ஆராய்ந்த கென்னத் லானிங் 1992இல் அறிக்கையே எழுதினார்.

அடுத்த வருஷம், 1993 மே மாதம், ஆர்கன்சா மாநிலத்தின் வெஸ்ட் மெம்ஃபிஸ் என்ற ஊரில் எட்டு வயசுப் பையன்கள் மூன்று பேர் கொல்லப்பட்டுக் கிடந்தார்கள். ஊர் நடுங்கியது, நடுங்காமல் எப்படி இருக்கும். போலீஸ் மூன்று விடலைப் பையன்களைப் பிடித்தது. அதில் டேமியன் எக்கோல்ஸ் கறுப்புச் சட்டை போடுவான், மெட்டாலிகா இசைக்குழுவின் பாட்டு கேட்பான், மந்திரம் தந்திரம் பற்றிய புத்தகங்கள் படிப்பான். இது சாத்தானுக்குச் செய்த பலி என்று நீதிமன்றத்தில் வாதிட்டார்கள். 1994இல் அவனுக்கு மரண தண்டனை, மற்ற இருவருக்கும் ஆயுள். கைதாகிப் பதினெட்டு வருஷம் கழித்து, 2011 ஆகஸ்ட்டில், மூன்று பேரும் வெளியே வந்தார்கள். அதற்கும் அவர்கள் ஒரு விநோதமான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது: நாங்கள் நிரபராதிகள் என்று சொல்லிக்கொண்டே குற்றத்தை ஒப்புக்கொள்வதாகச் சட்டப்படி அறிவிப்பது. பதினெட்டு வயசில் உள்ளே போனவன் முப்பத்தாறு வயசில் வெளியே வந்தான்.

இதைப் படித்த அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பெயருக்கு ஓர் ஆளைத் தூக்கு மேடை வரைக்கும் இழுத்துப்போகிற சக்தி இருக்கிறது. சாத்தான் இருக்கிறானா இல்லையா என்பது வேறு பேச்சு, அந்தப் பெயரை ஒருவன் மேல் ஒட்டிவிட்டால் அதற்குப் பிறகு சாட்சியமே தேவைப்படாமல் போய்விடுகிறது.

சாத்தானியக் கோயில் 2013இல் தொடங்கியது. லூசியன் கிரீவ்ஸ், மால்கம் ஜாரி என்ற புனைபெயர்களில் இருவர் சேர்ந்து ஆரம்பித்தார்கள், தலைமையகம் மாசசூசெட்ஸில் சேலம் நகரத்தில். 1692இல் சூனியக்காரர்கள் என்று சொல்லி 19 பேரைத் தூக்கில் போட்ட அதே சேலம். இவர்களுக்கு ஏழு கொள்கைகள். எல்லா உயிர்களிடமும் கருணையோடு நடந்துகொள் என்பதுதான் முதலாவது, லாவேயிடமிருந்து இவர்கள் பிரிகிற இடம் அது. மூன்றாவது, உன் உடம்பு உன் விருப்பத்துக்கு மட்டுமே கட்டுப்பட்டது, வேறு யாரும் கை வைக்கக் கூடாது. நான்காவது, பிறர் சுதந்திரத்தை மதி, உன் மனசு நோகும்படி பேசுகிற சுதந்திரத்தையும் சேர்த்து.

ஓக்லஹோமா மாநிலத்தின் தலைமைச் செயலக வளாகத்தில் 2012இல் பத்துக் கட்டளைகள் பொறித்த ஒரு கல்லை வைத்தார்கள். அரசு நிலத்தில் ஒரு மதத்துக்கு இடம் உண்டு என்றால் எங்களுக்கும் கொடுங்கள் என்று சாத்தானியக் கோயில் போய் நின்றது. அம்மா போனில் பார்த்த பாஃபமெட் அதற்காக வார்த்த சிலைதான். நெவாடாவிலிருந்து ஓர் இந்து அமைப்பு அனுமன் சிலைக்கும் இடம் கேட்டது! ஆனால் கல்லை எடுக்கச் சொல்லி வழக்குப் போட்டவர்களில் முன்னால் நின்றவர் ஒரு பாப்டிஸ்ட் போதகர். தன் வேதத்தின் கட்டளைகளை அரசாங்கம் கையில் எடுப்பது வேதத்துக்கே அவமானம் என்று நினைத்தவர். 2015 ஜூன் மாதம் மாநில உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்று அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது, அக்டோபரில் கல்லை எடுத்தார்கள். கல் போனதும் ஓக்லஹோமாவில் சிலை வைக்கும் கோரிக்கையைச் சாத்தானியக் கோயிலும் விட்டுவிட்டது. எல்லாருக்கும் இடம், இல்லையென்றால் யாருக்கும் வேண்டாம் என்பதுதான் அவர்கள் கேட்டது.

2018 ஆகஸ்ட்டில் அதே சிலையை ஒரு லாரியில் ஏற்றி ஆர்கன்சாவின் தலைநகரம் லிட்டில் ராக்குக்குக் கொண்டுபோனார்கள், அங்கேயும் பத்துக் கட்டளைக் கல் வைத்திருந்ததால். கறுப்புச் சட்டை போட்டவனைச் சாத்தானின் ஆள் என்று சொல்லி மரண தண்டனை கொடுத்த அதே மாநிலம். இருபத்து நாலு வருஷம் கழித்து அதே பெயரைத் தாங்களாகவே எடுத்துச் சூடிக்கொண்டு, பட்டப்பகலில், சட்டமன்றத்துக்கு முன்னால் வந்து நின்று, இப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்கிறார்கள். அம்மா, இதுக்குத்தான் அந்தப் பேரு. வேறு நல்ல பெயர் ஒன்றை வைத்துக்கொண்டு போயிருந்தால் யாருக்கும் உறுத்தியிருக்காது. எல்லாருக்கும் பிடித்தவர்களுக்கு எந்த நாடும் சுதந்திரம் கொடுத்துவிடும். யாருக்குமே பிடிக்காத ஒருவன் வந்து வரிசையில் நிற்கும்போதுதான் அந்தச் சட்டம் உண்மையானதா என்று தெரிகிறது.

இந்த அமைப்பிலும் குறை இருக்கிறது. சியாட்டில் பக்கம் பிரிந்துபோன பழைய உறுப்பினர்கள் மேல், ஃபேஸ்புக் பக்கத் தகராறுக்காக, 2020இல் வழக்குப் போட்டு வருஷக்கணக்கில் இழுத்தார்கள். மனசு நோகப் பேசும் சுதந்திரம் என்று கொள்கையில் எழுதி வைத்தவர்கள் செய்கிற வேலையா அது? அதே சமயம் உடம்பு பற்றிய கொள்கையை ஏட்டோடு விடாமல் 2023இல் நியூ மெக்சிகோவில், கருக்கலைப்பு தேவைப்படுகிற பெண்களுக்கு இணையம் வழியாக மருத்துவ ஆலோசனையும் மாத்திரையும் கொடுக்கிற ஒரு கிளினிக்கை ஆரம்பித்தார்கள். இரண்டையும் செய்தது ஒரே ஆட்கள்தான்.

2023 டிசம்பரில் ஐயோவா மாநிலத் தலைமைச் செயலகத்துக்குள் கிறிஸ்துமஸ் குடிலுக்கு இடம் கொடுத்தது போல இவர்களுக்கும் ஒரு மூலை கொடுத்தார்கள். வேறு மாநிலத்திலிருந்து ஒரு முன்னாள் வேட்பாளர் வந்து இவர்கள் அங்கே வைத்த உருவத்தின் தலையை உடைத்தார். அங்கே சட்டமன்ற உறுப்பினர் ஒருவர், அவரும் ஒரு போதகர்தான், இந்த உருவம் எனக்குச் சகிக்கவில்லை, ஆனாலும் எந்த மதம் சரியானது என்று அரசாங்கம் முடிவு செய்வதை நான் விரும்பவில்லை என்று எழுதினார். இந்த மனிதரை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது.

நேற்று ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டு இதை எல்லாம் சொன்னேன். பாப்டிஸ்ட் போதகர் கதையை இரண்டு தடவை கேட்டாள். பேர் மட்டும் பிடிக்கல, மாத்திக்கலாம் என்றாள். வெஸ்ட் மெம்ஃபிஸ் பையன்களைப் பற்றிச் சொன்னபோது பேச்சு நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, ராத்திரி ஜெபத்தில் சொல்ல வேண்டும், அந்த மூணு பேர் பேரையும் மெதுவாகச் சொல்லு என்றாள். டேமியன், ஜேசன், ஜெஸ்ஸி என்றேன். எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது.

"செத்துப்போன அந்த மூணு சின்னப் பிள்ளைங்க பேரையும் சொல்லுல" என்றாள்.

என் நினைவில் இல்லை. தேடிப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.