உள்ளே, வெளியே, மறுபடி உள்ளே

மார்ச் 3
பாப்பாவுக்குப் பதினாலு மாதம் முடிந்துவிட்டது. இந்த வாரம் முழுக்க ஒரே வேலைதான்: துணிக்கூடையில் இருப்பதையெல்லாம் எடுத்து வெளியே வீசுவது. மடித்து வைத்தால் மறுபடியும் வீசுவாள். எடுத்துப் போடுவது சுலபம். குறிபார்த்து உள்ளே போடத்தான் பழக்கம் தேவை. பிடித்த பொருளைச் சரியான இடத்தில், சரியான நேரத்தில் விட விரல்கள் கற்றுக்கொள்ள வேண்டும். மடித்த துணிகளை அலமாரியில் ஏற்றிவிட்டு, அவளுக்கென்று ஒரு கூடையில் பழைய சாக்ஸ்களைப் போட்டுக் கொடுத்தேன். வீசட்டும்.

மார்ச் 5
பிளாஸ்டிக் டப்பா மூடியில் நீளமாக ஒரு கீறல் போட்டு, ஓரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கினேன். கெட்டி அட்டைகள் சிலவற்றைப் பக்கத்தில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தேன்.

அட்டையைப் படுக்கையாக மூடிமேல் வைத்து உள்ளங்கையால் அமுக்கினாள். போகவில்லை. இன்னும் பலமாக அமுக்கினாள். முனையைப் பிடித்து நிமிர்த்தினாள், ஆனால் கீறலுக்குக் குறுக்காக. என் கை தன்னால் நீண்டது. இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மணிக்கட்டைத் திருப்பப் போகிறாள் என்று பார்த்தால், டப்பாவைத் திருப்பினாள்! அட்டை சரக்கென்று உள்ளே விழுந்தது. உடனே குனிந்து டப்பாவுக்கு அடியில் தேடினாள். அங்கே இல்லை. குலுக்கினாள், சத்தம் கேட்டது, சிரித்தாள்.

கண்ணில் படாத பொருளும் எங்கோ இருக்கிறது என்று குழந்தை புரிந்துகொள்வதைப் பற்றி குழந்தை உளவியலாளர் ழான் பியாஜே நிறைய எழுதியிருக்கிறார். துணிக்குப் பின்னால் முகத்தை மறைத்து “காணோமே... இதோ!” என்று நாம் விளையாடுவதும் அதே பாடம்தான். நான் முதலிலேயே செய்து காட்டியிருந்தால் டப்பாவைத் திருப்பும் யோசனை அவளுக்கு வந்திருக்காது.

மார்ச் 6
சளி. விளையாட்டு ஒன்றுமில்லை. படப்புத்தகத்தில் அதே நாய்ப் பக்கம், நாள் முழுக்க.

மார்ச் 9
வந்தவர்கள் ஒரு பெட்டி நிறைய பொம்மை கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒன்றை எடுப்பாள், போடுவாள், அடுத்ததுக்குத் தாவுவாள். அமெரிக்காவில் டொலீடோ பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று நினைவுக்கு வந்தது: பதினாறு பொம்மைகள் இருந்தபோதைவிட நான்கே இருந்தபோது குழந்தைகள் ஒவ்வொன்றோடும் அதிக நேரம், விதவிதமாக விளையாடினார்களாம். நாலைந்தை மட்டும் வெளியே வைத்து மீதியைப் பரணில் ஏற்றினேன். வாரம் ஒருமுறை மாற்றினால் பழசும் புதுசாகிவிடும்.

அமுக்கினால் பாடும் பொம்மை ஒன்றை மட்டும் தனியாக எடுத்து வைத்தேன். பேட்டரி மூடிக்குத் திருகாணி இல்லை. பட்டன் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் புண்ணாகிவிடக்கூடும். டிஷ்யூ ரோலின் நடுக்குழாயில் நுழையும் எதுவும் தொண்டையில் அடைத்துக்கொள்ளலாம், அதனால் அவள் கைக்குப் போவதில்லை, இது வீட்டுச் சட்டம்.

மார்ச் 13
நடை வந்ததிலிருந்து தள்ளுவதுதான் மோகம். அட்டைப்பெட்டியில் புத்தகங்களை அடுக்கிக் கொடுத்தேன். காலிப் பெட்டி சறுக்கி ஓடி அவளைக் குப்புறத் தள்ளும், கனம் இருந்தால் ஊன்றி நடக்கிறாள். தரையில் தலையணைகளைப் பரப்பினால் ஏறி இறங்க மேடு பள்ளம் கிடைக்கிறது. ஒரு வயதுக் குழந்தை நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாவது ஓடியாட வேண்டும், திரை வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. மூன்று மணி நேரம் என்றதும் மலைக்கத் தேவையில்லை, நாள் முழுக்கச் சேர்த்துத்தான் கணக்கு. இவள் காலை பத்து மணிக்குள் பாதியை முடித்துவிடுவாள். களைத்துப்போவது நான்தான்.

மார்ச் 16
குளியலில் இரண்டு கப். ஒன்றிலிருந்து மற்றதுக்கு ஊற்றுகிறாள். பாதி வெளியே போகிறது, போகட்டும். கொஞ்சம் தண்ணீர்தானே என்று நகர முடியாது. இந்த வயதில் சில அங்குலத் தண்ணீரே ஆபத்து, கை எட்டும் தூரத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அத்தை வாசலில் நின்று, “இது என்ன கலர்? சொல்லு, என்ன கலர்?” என்று பரீட்சை வைத்தார்கள். பாப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “கொஞ்சம் பொறுங்க அத்தை” என்றேன். கப் காலியாகும் ஒவ்வொரு தடவையும் “போச்சு!” என்று மட்டும் சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தேன். கடைசியில் கப்பைக் கவிழ்த்துப் பிடித்து, என்னைப் பார்த்து, “ச்சு!” என்றாள். அதற்கப்புறம் அத்தையும் “போச்சு” கட்சிதான்.

மார்ச் 19
ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கட்டைகளை நிற்க வைத்துவிட்டாள். மூன்றாவதை வைப்பாள் என்று பார்த்தால், அதைக் காதில் வைத்து யாரோடோ பேசிக்கொண்டே அடுத்த அறைக்குப் போய்விட்டாள். பாவனை விளையாட்டு ஆரம்பம் போலிருக்கிறது. பரணிலிருந்து துணிப் பொம்மையை இறக்க வேண்டும், கூடவே பழைய சீப்பு ஒன்றும்.