ரப்பர் கடை சர்வர்: நாட்குறிப்பு

அக்டோபர் 22

குலசேகரத்தில் ஒரு ரப்பர் கடை. மத்தியானத்துக்கு மேல் ஐப்பசி இடி. கரண்ட் போய்ப் போய் வந்ததில் கணக்கு சர்வர் படுத்துவிட்டது. நான் போனபோது கணக்கையெல்லாம் சேர்த்து வைக்கும் டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல் தானே எழுவதும் விழுவதுமாக இருந்தது. அதன் குறிப்பேடான லாகில், ஒரு பேஜின் (டேட்டாவைப் பிரித்து வைக்கும் துண்டு) செக்சம் (கெடவில்லை என்று சரிபார்க்கும் எண்) பொருந்தவில்லை என்று கண்டிருந்தது. அந்தத் தானியங்கி ரீஸ்டார்ட்டை நிறுத்தினேன். பிறகு டேட்டா ஃபோல்டரை அப்படியே வெளி டிஸ்க்குக்குக் காப்பி போட்டேன். "காப்பியே எடுத்துட்டு இருந்தா எப்பிடி தம்பி, ரிப்பேரப் பாருங்க" என்றார் முதலாளி. இது முடியாமல் கை வைக்க மாட்டேன் என்றேன்.

அக்டோபர் 23

மைஎஸ்க்யூஎல்லில் டேட்டாவைச் சேமிக்கும் பகுதி இன்னோடிபி. கெட்டிருந்தாலும் அதை வலுக்கட்டாயமாக எழுப்பும் ஃபோர்ஸ் ரெகவரிக்கு 1 முதல் 6 வரை படிகள் உண்டு. 4-லிருந்து டேட்டாவே நிரந்தரமாகக் கெடலாம் என்று மேனுவலே எச்சரிக்கிறது. எடுத்த எடுப்பில் 6 வைக்கச் சொல்பவர்களை என்ன சொல்ல! இங்கே 1-லேயே எழுந்தது. இந்த நிலையில் வரிகளைச் சேர்க்கவோ திருத்தவோ முடியாது, வாசித்து வெளியே எடுக்கலாம். ஆகவே டேபிள் டேபிளாக டம்ப். கொள்முதல் டேபிளில் மட்டும் பாதியில் கனெக்‌ஷன் அறுந்தது.

செகண்டரி இண்டெக்ஸ் (வரிகளைத் தேட உதவும் தனி அட்டவணை) கெட்டிருந்தால் அதை டிராப் செய்து மறுபடி கட்டலாம். கெட்டதோ பிரைமரி கீ இருக்கும் இடம், அதாவது வரிகளே இருக்கும் இடம். பில் எண்ணை வைத்து முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் துண்டு துண்டாக எடுத்து நெருக்கினேன். பேஜ் என்னவோ 16 கேபிதான், அதற்குள் எத்தனை பில்! இன்னொன்று: இந்த நிலையில் சர்வர் கெட்ட பேஜைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கும். எர்ரர் வரவில்லை என்று நம்பக்கூடாது, பில் எண்களில் இடைவெளி இருக்கிறதா என்று பார்க்கணும்.

அக்டோபர் 24

மழையால் பால்வெட்டு இல்லை, ரப்பர் ஷீட் வரத்தும் இல்லை. நமக்கு வசதி. விட்டுப்போன பில்களில் பாதி 19-ஆம் தேதி பென்டிரைவ் பேக்கப்பில் இருந்தன. பைனரி லாக் (டேட்டாவில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகக் குறித்து வைப்பது) ஓடியிருந்தால் மீதியும் அதிலேயே கிடைத்திருக்கும். இடம் மிச்சம் என்று யாரோ அணைத்திருக்கிறார்கள். கணக்கு பார்க்கும் அக்கா எடைச்சீட்டுக் கார்பன் நகல்களை எடுத்து, ஷீட் தனி, ஒட்டுப்பால் (மரத்திலும் சிரட்டையிலும் ஒட்டி உறைந்த பால்) தனி என்று வாசிக்க, நான் அடித்தேன். எல்லாம் புதிதாக நிறுவிய சர்வரில். பழைய ஃபோல்டரை நம்பவில்லை.

அக்டோபர் 25

ஸ்டாக் ஒத்துப்போனது. பாதி எழுதப்பட்ட பேஜை மீட்கத்தான், முதலில் வேறிடத்தில் ஒரு நகல் எழுதிவைக்கும் டபிள்ரைட் இருக்கிறது. ஆனால் எழுதிவிட்டேன் என்று டிஸ்க் பொய் சொன்னால் அது என்ன செய்யும்? மலிவு எஸ்எஸ்டி மேல்தான் எனக்குச் சந்தேகம். இன்வெர்ட்டர் மாறும் நேரத்தில் கம்ப்யூட்டர் அணைந்துவிடுகிறது, யுபிஎஸ் வேண்டும் என்றேன். முதலாளி விலை கேட்டார். எஸ்எஸ்டி பேச்சை எடுத்ததும், "தீபாவளி கழியட்டு தம்பி" என்றார். பைனரி லாகுக்குக் காசு வேண்டாமே, அதை ஓடவிட்டு வந்தேன்.