பெசன்ட் நகர் டூப்ளெக்ஸ்: கீழக்கரையிலிருந்து வாங்கிய கதை

புதுப்பித்த டூப்ளெக்ஸ் ஒன்று விற்பனைக்கு வந்தால் விலையைக் கேட்பதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள். கட்டும்போதே டூப்ளெக்ஸாகக் கட்டினார்களா, அல்லது மேலும் கீழுமாக இருந்த இரண்டு ஃபிளாட்டை நடுவில் உடைத்து ஒன்றாக்கினார்களா? நாங்கள் வாங்கியது இரண்டாவது ரகம். பட்ட அலைச்சல் எல்லாம் அதனால்தான்.

பிள்ளைகள் படிப்புக்காகச் சென்னையில் வீடு தேடினோம். எங்கள் ஊர் வழக்கப்படி வீடு பெண் பெயரில்தான். கணவர் துபாயில் இருப்பதால் நானும் என் காக்காவும்தான் (அண்ணனை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) அலைந்தோம். எலியட்ஸ் கடற்கரைக்கு நடந்து போகிற தூரத்தில், வண்டி நிறுத்தத் தூண்கள் மட்டும் வைத்து விட்ட ஸ்டில்ட் தளத்துக்கு மேல் நான்கு மாடிக் கட்டடம், அதில் கடைசி இரண்டு தளம். உள்ளே இத்தாலியன் மார்பிள், மாடுலர் கிச்சன், பக்கச்சுவர் இல்லாத மரப்படி, வீடு முழுக்க ஃபால்ஸ் சீலிங். காக்கா அன்றைக்கே முன்பணம் கொடுக்கத் தயாராகிவிட்டார்.

எங்கள் குடும்பத்துக்கு வீடு கட்டித்தந்த பெரியபட்டினத்துக் கொத்தனாரைக் கூட்டிப்போகலாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். உப்புக்காற்றில் கம்பி என்ன ஆகும் என்பது எங்கள் கரையில் எல்லாருக்கும் தெரியும். 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருவோடு போராடுவதே வேலையாக இருந்தது. அந்தக் காற்றில் வேலை பழகிய மனிதர் அவர். மார்பிளை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. மேல் தளத்து ஹாலில் ஸ்டூல் போட்டு ஏறி, சீலிங்கில் இருந்த ஒரு டவுன்லைட்டைக் கழற்றச் சொன்னார். வீட்டுக்காரர் தரப்பில் வந்தவர் முகம் சுளித்தார். கழற்றிய ஓட்டைக்குள் என் போனை டார்ச்சோடு விட்டு வீடியோ எடுத்தோம். கான்கிரீட் பெயர்ந்து இரண்டு கம்பி தெரிந்தது, பழுப்பு நிறத்தில் செதில் செதிலாக. பக்கத்தில் புதுச் சிமென்ட் பூசிய திட்டு. துருப்பிடித்த கம்பி பருத்து, தன்னை மூடியிருக்கிற கான்கிரீட்டையே தள்ளிவிடும். மேலே எத்தனை தடவை பூசினாலும் நிற்காது. "தாயி, கூரைக்கு என்ன வைத்தியம்னு முடிவாகாம முன்பணம் குடுத்துறாத" என்றார் மனிதர்.

அடுத்து அவர் கண்ணில் பட்டது மேல் தளத்து பாத்ரூம். உள்ளே போக அரை அடி படி ஏற வேண்டியிருந்தது. முன்பு அது அடுக்களையாக இருந்த இடம். பாத்ரூமுக்காகத் தளத்தைப் பள்ளமாக விட்டுக் கட்டாததால், தரையை உயர்த்திக் குழாயை உள்ளே விட்டிருக்கிறார்கள். அதற்கு நேர் கீழே சாப்பாட்டு அறை. வடிகாலை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் கட்டி வைத்துப் பார்த்தோம். கீழே கசிவு இல்லை. அந்த வேலையைச் செய்தவர் யாரோ, நன்றாகச் செய்திருந்தார்.

அப்புறம் காகிதம். வில்லங்கச் சான்றைக் கீழக்கரையில் உட்கார்ந்தே பதிவுத்துறை இணையதளத்தில் எடுத்தேன். அங்கே டூப்ளெக்ஸ் என்று எதுவுமே இல்லை. இரண்டு ஃபிளாட், இரண்டு கிரயப் பத்திரம், மனையில் தனித்தனியாக இரண்டு யுடிஎஸ், அதாவது ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் உரிய பிரிக்கப்படாத நிலப் பங்கு. சொத்துவரி ரசீது இரண்டு, மின் இணைப்பு இரண்டு. ("இரண்டு மீட்டர் லாபம்தானே மேடம்" என்றார் புரோக்கர்.) மேல் ஃபிளாட்டின் மீது பழைய வங்கி அடமானம் ஒன்றும் நின்றது. கடனை அடைத்து வருடக்கணக்காகிவிட்டது என்றார்கள். அடைத்தது உண்மைதான், ஆனால் கடன் தீர்ந்தது என்பதற்கான ரசீது ஆவணம் பதியவில்லை. அதைப் பதிந்து, புது வில்லங்கச் சான்றில் ஏறிய பிறகுதான் பணப் பேச்சு என்று சொல்லிவிட்டேன். அந்த ஒன்றுக்கே விற்பவர் அந்த வங்கிக்குப் பல நடை போனார்.

கடன் கொடுக்கும் வங்கியின் பொறியாளர் அனுமதி வரைபடத்தோடு வந்தார். நான்காவது மாடி வரைபடத்தில் இருந்தது, அதுவே பெரிய நிம்மதி. உள்படி இல்லை. தளத்தை வெட்டிப் படி இறக்கியதில் பீம் எதையும் தொட்டிருக்கிறார்களா என்று கேட்டு, கட்டமைப்புப் பொறியாளரின் உறுதிச் சான்றும், குடியிருப்போர் சங்கத்தின் சம்மதக் கடிதமும் கேட்டார்கள். இரண்டையும் விற்பவர்தான் வாங்கித் தந்தார். சங்கத்துக்காரர்களிடம் பேசியதில் இன்னொன்றும் தெரிந்தது. மொட்டை மாடி நமக்கே என்று புரோக்கர் சொன்னதற்கு எந்தப் பத்திரத்திலும் ஆதாரம் இல்லை; அது எல்லாருக்கும் பொது. இதையும் கூரைக் கம்பியையும் வைத்துத்தான் விலை பேசினோம். கூரை பழுதுக்கு ஆகும் செலவு முழுக்க விலையில் கழிந்தது.

கணவரும் கடனில் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்றது வங்கி. துபாய் துணைத்தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பவர் பத்திரத்தை காக்கா பெயருக்கு அனுப்பினார். வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியாவுக்கு வந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். அதை ராமநாதபுரத்திலேயே முடித்துக்கொண்டோம்.

பதிவுச் செலவைக் கணக்கில் வைக்காமல் விலை பேசாதீர்கள். மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். பெண் பெயரில் பதிந்தால் 1 சதவீதம் குறையும் என்று ஊரில் ஆளாளுக்குச் சொன்னார்கள். 2025 ஏப்ரல் முதல் அந்தச் சலுகை உண்டு, ஆனால் 10 லட்சம் மதிப்பு வரைதான். பெசன்ட் நகரில் அந்தக் காசுக்குக் கார் நிறுத்தக்கூட இடம் கிடைக்காது. விலை 50 லட்சத்தைத் தொட்டால், இந்தியாவில் வசிக்கும் விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதத்தை வரியாகப் பிடித்து நாம்தான் அரசுக்குக் கட்ட வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடைசி நேரத்தில் சொன்னால் ஏதோ நாம் குறைக்கிறோம் என்று நினைப்பார்கள்.

பத்திரத்தை எங்கள் வக்கீல் ஒரே ஆவணமாக எழுதினார். ஆனால் சொத்து விவரத்தில் இரண்டு ஃபிளாட்டும் தனித்தனியாக, அதனதன் யுடிஎஸ்ஸோடு. நாளைக்கு யாராவது படியை எடுத்துவிட்டு ஒரு தளத்தை மட்டும் விற்க நினைத்தாலும் சிக்கல் வராது என்றார்.

சொத்துவரிப் பெயர் மாற்றம் இரண்டுக்கும் ஆகிவிட்டது. மின் இணைப்பில் ஒன்று முடிந்தது, மற்றது நடக்கிறது. ஹால் சீலிங்கை முழுசாக இறக்கியாயிற்று. கம்பியைத் தேய்த்துத் துருவெடுத்து, துரு தடுக்கும் பூச்சு கொடுத்து, பெயர்ந்த இடத்தைக் கட்டுகிற வேலையை அதே பெரியபட்டினத்துக்காரர்தான் ஆள் வைத்துச் செய்கிறார். திரும்ப ஃபால்ஸ் சீலிங் போட காக்காவுக்கு ஆசை. நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.